பாலன்பூர்: ஒரு சிற்றூரின் தலைக்கணக்கு

மக்கள்தொகை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய பெரிய எண்கள்தாம். இந்தியா 140 கோடியைத் தாண்டிவிட்டது, 2023-இல் சீனாவையே முந்திவிட்டது என்றெல்லாம் நாளிதழில் படிக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கோடிக்கணக்கில் சொல்லப்படும் எண்கள் மனத்தில் ஒட்டுவதில்லை. ஆனால், 528 பேர் என்று சொல்லிப் பாருங்கள். அது நம் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மாணவர் எண்ணிக்கை அளவுதான். காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்க வைத்தால் அரை மணி நேரத்தில் எண்ணி முடித்துவிடலாம்.

அத்தனை சிறிய ஓர் இந்தியக் கிராமத்தின் மக்கள்தொகையைப் பற்றியதே இக்கட்டுரை. கிராமத்தின் பெயர் பாலன்பூர். உத்தரப் பிரதேச மாநிலத்தில், மொராதாபாத் மாவட்டத்தில், மொராதாபாத்திலிருந்து சந்தௌசி செல்லும் இரயில் பாதையை ஒட்டி அமைந்த கோதுமை விளையும் ஊர். (குஜராத்தில் பாலன்பூர் என்ற பெயரில் ஒரு நகரம் உண்டு. அது வேறு, இது வேறு.) கோயில், கோட்டை, சுற்றுலா என்று சொல்லிக்கொள்ள இவ்வூரில் சிறப்பாக எதுவும் இல்லை. ஆயினும், பொருளியல் பயிலும் மாணவர்கள் இந்தப் பெயரை எங்காவது ஓரிடத்தில் சந்திக்காமல் இருக்க முடியாது. காரணம், உலகிலேயே மிக நீண்ட காலம் வீடு வீடாகக் கணக்கெடுக்கப்பட்ட கிராமங்களுள் இதுவும் ஒன்று.

யார் எண்ணினார்கள்?

இந்தியாவில் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அரசாங்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தும். அதில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி உண்டு. குடும்பங்கள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆறு வயது வரையிலான குழந்தைகள் எத்தனை, எழுத்தறிவு பெற்றோர் எத்தனை, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை, வேலை செய்வோர் எத்தனை என அந்த ஒரே வரியில் ஊரின் வாழ்க்கை அடங்கிவிடும்.

பாலன்பூருக்கு இந்த அரசாங்கக் கணக்கு மட்டுமல்லாமல் வேறொரு கணக்கும் வாய்த்தது. 1957-58-இலும் 1962-63-இலும் டில்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வேளாண் பொருளியல் ஆய்வு மையம் இவ்வூரை ஆராய்ந்தது. அதன்பின் 1974-75-இல் கிறிஸ்டபர் பிளிஸ், நிக்கலஸ் ஸ்டெர்ன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இங்கு வந்து தங்கி ஆய்வு செய்தனர். இவர்களுள் ஸ்டெர்ன்தான் பின்னாளில், 2006-இல், பருவநிலை மாற்றத்தின் பொருளாதார விளைவுகளைப் பற்றிய அறிக்கையினால் உலகப் புகழ் பெற்றவர். 1983-84-இல் ஜான் திரேஸும் நரேஷ் சர்மாவும் ஊரிலேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தனர். 1993, 2008-09, 2015 ஆகிய ஆண்டுகளிலும் ஆய்வுக் குழுக்கள் திரும்பிச் சென்றன. ஒரே ஊரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள்.

அவர்கள் எண்ணிய எண்ணிக்கை இது:

1957-58: 528 பேர், 100 குடும்பங்கள்
1962-63: 585 பேர், 106 குடும்பங்கள்
1974-75: 757 பேர், 112 குடும்பங்கள்
1983-84: 960 பேர், 143 குடும்பங்கள்
1993: 1,133 பேர், 193 குடும்பங்கள்
2008-09: சுமார் 1,250 பேர், 230-க்கு மேற்பட்ட குடும்பங்கள்

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. "மக்கள்தொகை இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு மூடிவிடலாம். தேர்விலும் அதற்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால், இந்த இரண்டு எண்களையும் ஒன்றால் ஒன்றை வகுத்துப் பார்த்தால் வேறொரு கதை வெளிப்படுகிறது.

ஒரே சராசரி, இரு வேறு வாழ்க்கை

1957-58-இல் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 5.3 பேர். 2008-09-இல் ஏறத்தாழ 5.4 பேர். ஐம்பது ஆண்டுகளில் குடும்பத்தின் அளவு மாறவே இல்லை என்று தோன்றுகிறது அல்லவா? இடையிலுள்ள ஆண்டுகளைப் பாருங்கள். 1974-75-இல் 6.8, 1983-84-இல் 6.7, 1993-இல் 5.9. அதாவது, குடும்பம் முதலில் பெருத்து, பிறகு இளைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. போன வழியும் வந்த வழியும் ஒன்றல்ல.

இங்கே 'குடும்பம்' என்பதற்குக் கணக்கெடுப்போர் தரும் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். இரத்த உறவை வைத்து அவர்கள் குடும்பத்தை எண்ணுவதில்லை. ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் இருந்தாலும், அடுப்பு இரண்டானால் குடும்பமும் இரண்டு. ஆகவே, குடும்பங்களின் எண்ணிக்கை கூடுவதற்குப் புதிதாக யாரும் பிறக்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனாலே போதும்.

இப்போது 1962-63-க்கும் 1974-75-க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஊரில் 172 பேர் கூடினார்கள். ஆனால், குடும்பங்களோ ஆறுதான் கூடின. கூடிய மக்கள் அனைவரும் ஏறக்குறைய இருந்த அடுப்புகளிலேயே சாப்பிட்டிருக்கிறார்கள். இது எப்படி நேர்ந்தது?

முதற்காரணம், குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதுதான். 1950-களில் அந்த வட்டாரத்தில் பெண்கள் குறைவாகப் பெற்றெடுத்ததால் குடும்பம் சிறியதாக இருக்கவில்லை. பெற்ற பிள்ளைகளுள் பலர் இறந்ததாலேயே சிறியதாக இருந்தது. 1971-இல்கூட, இந்தியாவின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, உத்தரப் பிரதேசத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 167 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணாமலே மாண்டன. ஆறு குழந்தைக்கு ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்திய ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். மலேரியா கட்டுப்பாடு, தடுப்பூசி, 1975-உடன் இந்தியாவில் ஒழிந்த பெரியம்மை எனச் சாவின் வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது பிறப்பு உடனே குறையவில்லை. பிழைத்த பிள்ளைகளால் வீடு நிறைந்தது.

இரண்டாவது காரணம், வயல். இதே காலத்தில்தான் ஊரில் பாசனம் பெருகியது. 1957-58-இல் ஏறக்குறையப் பாதி நிலத்துக்கு மட்டுமே பாய்ந்த நீர், 1974-75-க்குள் ஏறக்குறைய எல்லா நிலத்துக்கும் பாய்ந்தது. 1960-களின் நடுவில் வந்த புதிய கோதுமை விதைகளும் சேர்ந்துகொண்டன. நிலமும் மாடும் நீர் இறைக்கும் கருவியும் பொதுவாக இருக்கும்வரை அண்ணன் தம்பி பிரியாமல் இருப்பதே இலாபம்.

அடுத்து 1974-75-க்கும் 1993-க்கும் இடையில் 376 பேர் கூடினார்கள், 81 குடும்பங்கள் கூடின. 1993-க்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 120 பேர் கூடினார்கள், நாற்பது குடும்பங்கள் கூடின. முன்பு 29 பேர் கூடினால்தான் ஓர் அடுப்பு புதிதாக மூட்டப்பட்டது. பின்னர் மூவருக்கு ஓர் அடுப்பு. நிலம் நீளாது. ஆனால், அதில் பங்கு கேட்கும் மக்கள் இரு மடங்கானார்கள். பாகம் பிரிக்கப் பிரிக்க வயல் மட்டும் சோறு போடவில்லை. ஊரை ஒட்டிய இரயில் கைகொடுத்தது. ஆண்கள் மொராதாபாத்துக்கும் சந்தௌசிக்கும் வேலைக்குப் போய்வரத் தொடங்கினர். செங்கல் சூளைகளுக்குச் சென்றவர்களும் உண்டு. கையில் தனிச் சம்பளம் வந்தவுடன் தனி அடுப்பும் வந்தது எனலாம். சில குடும்பங்கள் ஊரை விட்டே வெளியேறின. பிறப்பும் குறையலாயிற்று. 1992-93-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் உத்தரப் பிரதேசப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.8 பிள்ளைகள். 2019-21 ஆய்வில் அது 2.4.

ஆக, 5.3 என்பது பிள்ளைகளைப் புதைத்த வீடுகளின் சராசரி. 5.4 என்பது பாகம் பிரிந்த, நகரத்துக்குப் போன, குறைவாகப் பெற்றுக்கொண்ட வீடுகளின் சராசரி. தாளில் இவ்விரண்டுக்கும் இடையே 0.1 தான் வேறுபாடு. இடைநிலைப்பள்ளியில் புவியியல் பாடத்துக்கு 'பிராமிட் பெண்டுடுக்' வரைந்த நம் எல்லாருக்கும் இது புரியும். அடிப்பாகம் அகன்ற கூம்பையும் நடுப்பாகம் அகன்ற கூம்பையும் ஒரே சராசரி எண்ணால் குறித்துவிட முடியும். வரைந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

வரியில் இல்லாதவர்கள்

பாலன்பூரின் கணக்கில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த இடம் ஆண் பெண் விகிதம். 1957-58-இல் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 870 பெண்கள். 1993-இல் ஏறத்தாழ 850. 1993-இல் இருந்த 1,133 பேரை இந்த விகிதத்தில் பிரித்தால், ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய 90 பேர் குறைவு. சிறிய ஊர் என்பதால் 90 பேர் என்பது மூன்று வகுப்பறை நிறைய ஆட்கள்.

இதைச் சொன்னால் முதலில் எழும் கேள்வி: "பெண்களைக் கல்யாணம் செய்து வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் குறைகிறது, அப்படித்தானே?" அப்படியில்லை. வட இந்தியக் கிராமங்களில் பொதுவாகச் சொந்த ஊரில் பெண் எடுக்கும் வழக்கம் இல்லை. மகள் வெளியூருக்கு மருமகளாகப் போவாள். வெளியூர்ப் பெண் இவ்வூருக்கு மருமகளாக வருவாள். போகின்றவர்களும் வருகின்றவர்களும் ஏறக்குறையச் சமம். ஆகவே, கல்யாணம் இந்தக் குறையை விளக்காது. ஆண்கள் வேலைக்கு வெளியூர் போவதும் விளக்காது. ஆண்கள் போனால் ஊரில் பெண்களின் விகிதம் ஏற வேண்டுமே ஒழிய இறங்கக் கூடாது.

மிஞ்சுவது ஒரே விளக்கம்தான். பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இறந்தார்கள். ஒரே வகையான உணவும் மருத்துவமும் கிடைத்தால் பெரும்பாலான வயதுகளில் பெண்ணே ஆணைவிட உறுதியாகப் பிழைப்பாள் என்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. அதற்கு மாறாகக் கணக்கு காட்டினால், தட்டில் விழுந்த சோற்றிலும், காய்ச்சல் வந்தபோது மருத்துவரிடம் தூக்கிச் சென்ற வேகத்திலும், பிரசவக் கவனிப்பிலும் வேறுபாடு இருந்தது என்று பொருள். 1990-இல் அமர்த்தியா சென் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று எழுதியபோது, அவர் செய்ததும் இத்தகைய கணக்குத்தான். இருக்க வேண்டிய எண்ணிக்கையிலிருந்து இருக்கின்ற எண்ணிக்கையைக் கழித்தார்.

இங்கேயும் சராசரி நம்மை ஏமாற்றும். உத்தரப் பிரதேசம் முழுமைக்கும் 2001-இல் ஆயிரம் ஆண்களுக்கு 898 பெண்கள். 2011-இல் 912. நிலைமை சீராகிறது என்று மகிழலாம். ஆனால், அதே கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 2001-இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 916 பெண் குழந்தைகள். 2011-இல் 902. மொத்தம் ஏறியது, குழந்தைகள் வரிசையோ இறங்கியது. பெரியவர்களான பெண்கள் முன்பைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். அதே வேளையில், பெண் குழந்தைகளுள் ஒரு பகுதி பிறக்கவே விடப்படவில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிவிப்பதைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் 1994-இல் இயற்றப்பட்டு, 2003-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. சட்டம் இருந்தும் இந்த இறக்கம் நேர்ந்திருக்கிறது.

எழுத்தும் வேலையும்

எழுத்தறிவுக் கணக்கும் இதையே வேறொரு விதத்தில் சொல்கிறது. கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பது ஏழு வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதவும் படிக்கவும் தெரிந்திருப்பது. எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பது கேள்வியில்லை. 1957-58-இல் பாலன்பூர் பெண்களுள் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிவு பெற்றிருக்கவில்லை. 1993-இல் ஆண்கள் 37 விழுக்காடு, பெண்கள் 9 விழுக்காடு. நாடு விடுதலை பெற்று 46 ஆண்டுகள் கழித்தும் பத்துப் பெண்களுள் ஒன்பது பேருக்குத் தம் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. ஊரைச் சராசரியாகப் பார்த்தால் நான்கில் ஒருவர் படித்தவர் என்று வரும். அந்தச் சராசரிக்கு நிகரான பெண் ஊரில் யாரும் இல்லை.

சாதி வாரியாகப் பிரித்தால் இடைவெளி இன்னும் விரியும். பாலன்பூரில் தாக்கூர்கள், முராவ்கள், ஜாதவ்கள், இஸ்லாமியரான தேலிகள் எனப் பல சமூகத்தினர் வாழ்கின்றனர். தாக்கூர்கள் பழைய நிலவுடைமையாளர். முராவ்கள் உழவுத் தொழிலில் கைதேர்ந்தவர்கள், கோதுமை விளைச்சல் பெருகியபோது முன்னேறியவர்கள். தலித் மக்களாகிய ஜாதவ்கள் நிலத்திலும் பள்ளியிலும் கடைசியில் நிறுத்தப்பட்டவர்கள். அரசாங்கக் கணக்கெடுப்பின் கிராம வரியில் 'பட்டியல் சாதி' என்ற ஒரே கட்டத்தைத் தவிர இவற்றுள் எதுவும் தெரியாது. வீடு வீடாகச் சென்ற ஆய்வாளர்களால்தான் இது தெரிய வந்தது.

வேலைக் கணக்கு மற்றொரு சிக்கல். ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் 'முதன்மைத் தொழிலாளர்'. அதற்குக் குறைந்தால் 'குறு காலத் தொழிலாளர்'. வேலையே இல்லையென்றால் 'தொழில் செய்யாதவர்'. விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தீவனம் அறுத்து, சாணம் தட்டி, நீர் சுமந்து, பத்துப் பேருக்கு ரொட்டி சுடும் பெண்ணிடம் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டால், பெரும்பாலும் அவள் வாயைத் திறக்குமுன் வீட்டு ஆண், "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்பார். கணக்கெடுப்பவரும் அப்படியே எழுதிக்கொள்வார். இந்தக் குறையை உணர்ந்துதான் 1991 கணக்கெடுப்பிலிருந்து, சொந்த நிலத்தில் சம்பளமின்றிச் செய்யும் உழைப்பையும் சேர்த்துக் கேட்குமாறு கேள்வி திருத்தப்பட்டது.

எந்த நாளில் எண்ணினார்கள் என்பதும் முக்கியம். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. செங்கல் சூளைகளில் வேலை மும்முரமாக நடப்பது அந்த மாதங்களில்தான். அந்த இருபது நாளும் குடும்பத்தோடு சூளையில் கிடந்தவர் சொந்த ஊரின் வரியில் இடம் பெறமாட்டார். ஊருக்கு அவர் இல்லாதவர். சூளை இருக்கும் ஊரிலோ அவரை யாரும் ஊர்க்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் சொன்னதன் நோக்கம், எண்களை நம்பாதீர்கள் என்று கூறுவதன்று. எண்ணியிராவிட்டால் அந்த 90 பெண்கள் குறைவதே யாருக்கும் தெரிந்திருக்காது. அவரவர் வீட்டில் நடந்தது அவரவர் தலைவிதி என்று போயிருக்கும். ஒரு வீட்டில் ஒரு பெண் குழந்தை இறந்தால் அது துயரம். நூறு வீட்டையும் கூட்டிப் பார்த்தால்தான் அது அநீதி என்று தெரிகிறது. ஆகவே எண்ணத்தான் வேண்டும். எண்ணிய பிறகு, அந்த எண்ணைக் கேள்வி கேட்கவும் வேண்டும்.

எந்த மக்கள்தொகை எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம் என்பது என் கருத்து. இந்தச் சராசரியைப் பிரித்தால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள்? இருக்க வேண்டியவர்களுள் யார் இல்லை? எண்ணும்போது யார் பதில் சொன்னார்கள்? மலேசிய இந்தியர் குடிமக்களுள் 6.7 விழுக்காடு என்ற 2020 கணக்கெடுப்பின் எண்ணை நாமும் மேடைதோறும் சொல்லி வருகிறோம். அதற்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

இந்தியாவில் 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனா பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடத்தப்படும் என 2025 ஜூன் மாதம் அரசாங்கம் அறிவித்தது. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியினரின் கணக்கும் இதனுடன் சேர்த்து எடுக்கப்படவிருக்கிறது. அதன் முடிவுகள் வெளிவரும்போது, பாலன்பூர் என்ற பெயருக்கு நேரே மீண்டும் ஒரு வரி இருக்கும். நான் முதலில் பார்க்கப் போவது மொத்த மக்கள்தொகையை அன்று. ஆறு வயது வரையிலான குழந்தைகள் என்ற கட்டத்தில், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதைத்தான்.